பீடத்துக்கு நாலு சக்கரம்

பலிபீடத்தின் பிரேக் என் கையோடு வந்துவிட்டது.

பலிபீடத்துக்கு ஏது பிரேக் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் மாதா கோவிலில் உண்டு. சில வருடங்களுக்கு முன், கோவில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடி, கோவிலை 'பல்நோக்கு வழிபாட்டு வெளி' ஆக்குவது என்று தீர்மானம் போட்டு, பீடத்துக்கு நாலு சக்கரம் பொருத்தியது. காலையில் பூசைக்கு நடுவில் நிற்கும். மாலையில் பாட்டுப் போட்டியோ ரத்ததான முகாமோ நடந்தால், பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் தம்பி மாதிரி, பின்சுவரோடு ஒதுங்கி நின்றுகொள்ளும். சக்கரங்களைப் பூட்டவும் விடவும் பீடத்துக்கு அடியில் ஓர் இரும்புக் கைப்பிடி.

அந்தச் சனிக்கிழமை நான் தரை துடைக்கப் போயிருந்தேன். கோவில் துடைப்பது பெண்கள் குழுவின் வேலை. என் மனைவி அதில் இருந்தாள். அவள் போன பிறகும் அவளுடைய முறை மட்டும் வந்துகொண்டே இருந்தது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. முதல் தடவை குழுத்தலைவி போனில் கூப்பிட்டு, கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்து, அழுதுவிட்டார். அவர் அழுகையை நிறுத்துவதற்காக "நான் வர்றேம்மா" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து பெண்கள் குழுவில் ஒரே ஆண்பிள்ளை நான்.

பீடத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பீடத்தைச் சுவர்வரை தள்ளிவிட்டுத் துடைத்தேன். திரும்ப இழுக்கலாம் என்று கைப்பிடியைத் திருகினால், சக்கரங்களில் பூட்டு விழுந்தது. கைப்பிடி என் கைக்கு வந்தது. கோவிலைத் திறந்து பூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை வாசலில் சாவியோடு நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் உடைஞ்சிருச்சு."

"வச்சிட்டுப் போங்க. காலையில சாமிகிட்ட சொல்லிக்கலாம்."

எதைச் சொல்வது, யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கைப்பிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

ஞாயிறன்று மணி அடித்தாயிற்று, பாடகர் குழு வருகைப் பாட்டை எடுத்தாயிற்று. பங்குச் சாமியார் உள்ளே வந்து பார்த்தால் பீடம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் போய் நிற்க இடமில்லை. சின்ன வயசுச் சாமியார். யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். பாட்டு முடிகிறவரை பீடத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வெளியார் கேட்கலாம். பழைய காலத்தில் சாமியார்கள் அப்படித்தான் நின்றார்கள். சாமியாரும் சனமும் ஒரே பக்கம் பார்த்தபடி, இலத்தீனில். பிறகு உலகம் முழுக்க மாற்றி, சாமியாரைப் பீடத்துக்குப் பின்னால் நிறுத்தி எங்கள் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். எது சரி என்று இன்னும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டை எங்கள் ஊருக்கு அதுவரை வந்ததில்லை. நான்தான் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் 'தொம்' என்று ஒரு சத்தம். திரிதெந்து முழங்காலில் விழுந்த சத்தம் அது. வரி ஆலோசகராக இருக்கும் இளைஞர். எதை எடுத்தாலும் சில நூறு வருடங்களுக்கு முன் திரிதெந்து நகரில் ஆயர்கள் கூடிப் பழைய பூசையை உறுதிசெய்த பொதுச்சங்கத்தில் போய் முடிப்பார் என்பதால் அந்தப் பெயர். இலத்தீனைச் செல்போனில் கற்றவர். அவரைப் பார்த்து அவருடைய கூட்டாளிகள் விழுந்தார்கள். கைப்பைகளிலிருந்து, பழைய பூசைக்குப் பெண்கள் போடும் லேஸ் முக்காடுகள் வெளியே வந்தன. எத்தனை நாளாகக் கைப்பையிலேயே காத்திருந்தனவோ.

இந்தப் பக்கம் பங்குப் பேரவைச் செயலாளர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் கையைக் கட்டினால் பள்ளிக்கூடமே அடங்கும் என்பார்கள். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை கையைக் கட்டியது.

சின்ன வயதில் பழைய பூசையை நேரில் பார்த்தவர் கோவிலில் ஒரே ஒரு பாட்டியம்மாதான். அவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது: "சாமிக்கு என்ன, நம்ம மேல கோவமா?"

எனக்கு என்ன தோன்றியது என்றும் சொல்லிவிடுகிறேன். சாமியாரின் பூசை உடுப்பில் முதுகுப் பக்கம் தையல் விட்டிருந்தது. இத்தனை வருடமாக முன்பக்கத்தையே பார்த்திருந்ததால் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற ஓர் ஆள் மாதிரி இருந்தார். கொஞ்சம் பாவமாகவும், கொஞ்சம் நெருக்கமாகவும் இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே ஒரு கட்சியில் சேர்த்திருப்பார்கள்.

பூசை முடிந்ததும் திரிதெந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"அண்ணே, அரை நூற்றாண்டா யாரும் செய்யாததைச் செஞ்சிட்டீங்க!"

"தம்பி, நான் தரை தொடச்சேன்."

"அப்படித்தான் சொல்லணும். வெளியில யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க." கண்ணடித்தார்.

செயலாளர் என்னைத் தூண் பக்கமாக ஒதுக்கினார். "யாருப்பா தூண்டிவிட்டது?"

"யாருமில்ல சார். பிரேக் உடைஞ்சிருச்சு." சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக் காட்டினேன்.

அதைக் கொலைக் கத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்து, கைக்குட்டையால் பிடித்து வாங்கிக்கொண்டார்.

என் தொழிலையும் சொல்ல வேண்டும். நான் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை, டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பட்டறையில் பல் செட் செய்கிறவன். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் மேசையில் உருவானது. செயலாளருக்கு மேல் செட், கீழ் செட் இரண்டும் நான்தான். அதனால் அவர் கோபப்படும்போது எனக்குப் பயத்தைவிட, மேல் செட் பிடிமானமாக நிற்கிறதா என்கிற கவலைதான் அதிகம்.

அந்தச் சமயத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மனைவி இறந்து வருடம் திரும்பும் வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று அவள் பெயரைச் சொல்லி ஒரு பூசை. அவ்வளவுதான். சாமியாரைப் போய்ப் பார்த்தேன்.

"சாமி, அவளுக்கு வருசம் திரும்புற வியாழக்கிழமை பூசை இருக்குமில்ல?"

"பாக்கலாங்க," என்றார் சாமியார். கண் பீடத்தின் பக்கமே இருந்தது. "பேரவை கூடுது. ஆலோசிக்கலாம்."

பேரவை கூடியது. பெரிய மேசையைச் சுற்றி, என் பற்கள் பல வாய்களில் உட்கார்ந்திருந்தன. வெளியே சாட்சியாக நானும், எனக்குத் துணையாக என் மகளும் பெஞ்சில் இருந்தோம். அவள் பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எதையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது அவளுக்குப் பெரிய காரியமில்லை.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா பத்து நிமிஷ வேலைப்பா," என்றாள்.

கூப்பிட்டிருந்தார்கள். மெக்கானிக் ஸ்பேனரோடு வந்தார். உள்ளே போனதும் செயலாளர் கேட்டது எங்களுக்குக் கேட்டது: "நீங்க பீடத்தை எங்க நகர்த்தணும்னு நினைக்கிறீங்க?"

"நீங்க சொல்ற இடத்துக்கு சார்."

"அதாவது, உங்களுக்குன்னு ஒரு நிலைப்பாடு இல்ல?"

"இல்லீங்க."

"நிலைப்பாடே இல்லாதவர் எப்படிய்யா பீடத்தைத் தொடலாம்?" என்று திரிதெந்து பாய்ந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மெக்கானிக் வெளியே வந்து, ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்து, என்னைப் பார்த்து, "ஒங்க சாமிதான் ஒங்களைக் காப்பாத்தணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீர்மானம் இப்படி வந்தது: மேலிடத்திலிருந்து குழு வந்து முடிவு செய்யும்வரை பீடத்தை யாரும் தொடக்கூடாது. சுவரைப் பார்த்தால் ஒரு தரப்பின் வெற்றியாகிவிடும், சனத்தைப் பார்த்தால் மறுதரப்பின் வெற்றியாகிவிடும் என்பதால், வாரநாள் பூசைகள் நிறுத்திவைக்கப்படும். ஞாயிறு பூசைக்கு இடைக்கால ஏற்பாடு.

"வியாழக்கிழமை வாரநாள்தானே சார்?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"தனிமனிதத் தேவைகளைத் தாண்டிச் சிந்திக்கிறதுதான் சமூகம். பூசைன்னா, திருப்பலின்னா என்ன? ஒன்றிப்பு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்க்கிறது. அதை விளங்கிக்கணும் நீங்க." முகம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைக்கால ஏற்பாடு ஞாயிறன்று தெரிந்தது. வளைவான பெரிய கண்ணாடி. வாகன நிறுத்துமிடத்தில், முனையில் வண்டி வருகிறதா என்று பார்க்க மாட்டியிருப்பார்களே, அது. அதைப் பீடத்துக்கு மேலே, சுவரில் பொருத்தியிருந்தார்கள். சாமியார் சுவரைப் பார்த்து நிற்பார்; கண்ணாடி வழியாகச் சனத்தையும் பார்ப்பார். இரண்டு தரப்பும் திருப்தியடையலாம்.

சாமியார் கண்ணாடியைப் பார்த்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். கண்ணாடியில் நாங்கள் எல்லோரும் பெரிய தலையும் சின்னக் காலுமாக, "உம்மோடும் இருப்பாராக" என்றோம். முன்வரிசையில் இரண்டு பேர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். பிரசங்கத்தின்போது யார் யார் தூங்குகிறார்கள் என்பது முதன்முறையாகச் சபை முழுவதற்கும் தெரிந்தது. திருப்தியடைந்தது யார் என்று மட்டும் தெரியவில்லை. திரிதெந்து கண்களை மூடிக்கொண்டார். செயலாளர், "கண்ணாடியில பாக்கிறது முகம் பாக்கிறதாகாது" என்று பின்குறிப்பு கொடுத்தார்.

அடுத்த வாரம் குழு வந்தது. தலைவர் வெளிநாட்டில் திசைகளைப் பற்றியே ஆராய்ந்து பட்டம் வாங்கிய முனைவர் சாமியார். மென்மையான குரல். அவர் பேசினால் எல்லாம் விளங்குகிற மாதிரி இருக்கும். வெளியே வந்த பிறகுதான் என்ன விளங்கியது என்று யோசிக்க வேண்டும். என்னை எதிரே உட்காரவைத்தார்.

"பீடத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளின அந்தத் தருணத்தில், உங்க இறையியல் என்னவா இருந்தது?"

"தண்ணி தேங்கியிருந்துச்சு சாமி."

"தண்ணீர்." கண்ணை மூடித் தலையாட்டினார். "ஞானஸ்நானம். கடந்துபோதல்." பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார்.

"தரைத் தண்ணி சாமி. தொடைக்கிற தண்ணி."

"தாழ்ச்சி," என்றார் முனைவர். அதையும் எழுதிக்கொண்டார்கள். "இந்தப் பணிக்கு உங்களை அழைச்சது யார்?"

"என் மனைவி. அவ முறை அது. இப்ப இல்ல அவ."

சுவரோரம் இரண்டு தரப்பும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. திரிதெந்து மெதுவாக நிமிர்ந்தார். செயலாளரும் நிமிர்ந்தார். அந்த நேரத்தில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மரமண்டை, விளங்கவில்லை. நான் வந்த காரியத்தைக் கேட்டேன்: "சாமி, அவளுக்கு வருசம் திரும்புது. அடுத்த வாரம் வியாழன். பூசை உண்டுங்களா?"

முனைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திசைங்கிறது இடம் சார்ந்தது இல்ல, அது ஓர் உறவு. அதேபோல, வியாழக்கிழமைங்கிறதும் வெறும் நாள் இல்ல. இறந்தவங்களுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். இதை ரெண்டு விதமா அணுகலாம்..." இரண்டு விதமாகவும் அணுகினார். மூன்றாவதாக ஒரு விதமும் அவருக்கு வழியில் கிடைத்தது. முடித்தபோது தேநீர் ஆறியிருந்தது; என் கேள்வி அவருடைய கையிலேயே இருந்தது.

குழுவின் முடிவு: பீடம் சாய்வாக நிற்க வேண்டும். சுவரையும் பார்க்காமல், சனத்தையும் பார்க்காமல், நடுவாந்தரமாக. மெக்கானிக் திரும்ப அழைக்கப்பட்டார். இந்தத் தடவை நிலைப்பாடு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஞாயிறன்று சாமியார் பேருந்து நேரப்பலகையைப் படிக்கிறவர் மாதிரி ஒருபக்கமாக நின்று பூசை வைத்தார். இடது வரிசைக்கு அவருடைய காது தெரிந்தது, வலது வரிசைக்குத் தோள் தெரிந்தது. நற்கருணை அப்பத்தை உயர்த்தியபோது பக்கவாட்டுக் கதவு வழியாகச் சைக்கிள் நிறுத்துமிடம் அதைத் தரிசித்தது. பூசை முடிந்ததும் காதுத் தரப்பு, தோள் தரப்பு என்று புதிதாக இரண்டு முளைத்தன. வாரநாள் பூசைகளுக்கான தடை, அமைதி திரும்பும்வரை நீடிக்கும் என்று அறிவித்தார்கள்.

இதற்கிடையில் என் மனைவி பிரபலமாகிவிட்டாள்.

திரிதெந்து பட்டறைக்கே வந்தார். நான் ஒரு கீழ் செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அக்காவை நாங்க மறக்கவே மாட்டோம். பாரம்பரியத்துக்காக மௌனமா பாடுபட்ட ஆத்மா."

"அவ தரைதான் தம்பி தொடச்சா. மத்தபடி பூசையில பாதி நேரம் தூங்குவா."

"தியானம்ணே அது. அந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான், உள்ளுக்குள்ளயே. வியாழக்கிழமை எங்க சார்பா அக்காவுக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறோம்."

"கூட்டம் வேணாம் தம்பி. பூசை கிடைக்குமா?"

"போராட்டம்னா தியாகம் இருக்கத்தான்ணே செய்யும்."

"யார் தியாகம்?"

அதற்கு அவர் திரிதெந்தின் சங்கத்திலிருந்து ஒரு வரி சொன்னார்.

அன்று மாலையே செயலாளரும் வந்தார், மேல் செட் கொஞ்சம் உரசுகிறது என்று. உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்த வாயோடு பேச முடியாதே என்று நிம்மதியாக இருந்தேன். செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பொக்கை வாயோடு பேசினார்.

"உன் வீட்டுக்காரம்மா யாருன்னு இப்பத்தான்பா புரிஞ்சுது. சாமியாரா இல்லாத பொதுநிலையினர் பங்கேற்புக்கு முன்னோடி. கோவில்ல பெண்ணோட இடத்தை நிலைநாட்டினவங்க."

"அந்த இடத்துல தொடப்பத்தை மட்டுந்தான் சார் குடுத்தீங்க."

"அதாம்பா ஆரம்பம்," என்றார். அந்த வாய் அவருடையது. பற்கள் மட்டும் என் கையில் இருந்தன. பற்களிடமே கேட்டால் நேரான பதில் கிடைக்கும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் தோசைக் கல்லையோ எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு எந்தப் பக்கம் பாத்து பூசை வச்சாப் பிடிக்கும்னு யாராச்சும் கேட்டாங்களாப்பா?"

"எல்லாரும் அவங்கவங்க பக்கம்தான்னு சொல்றாங்க."

"அம்மா ஃபேனுக்குக் கீழதான் உக்காருவாங்க. ஃபேன் எந்தக் கட்சி?"

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. "ஒரு பூசைதானப்பா கேட்டோம்," என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பூசை இல்லாவிட்டாலும் கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று போனோம்.

வாசலில் இரண்டு பேனர்கள். இரண்டிலும் என் மனைவி. எங்கள் மகளின் படிப்பு முடிந்த நாளில் எடுத்த படம், யாரிடமிருந்து கிடைத்ததோ. இடதுபக்கப் பேனரில் கம்ப்யூட்டரில் அவள் தலைக்கு லேஸ் முக்காடு போட்டிருந்தார்கள். வலதுபக்கப் பேனரில் அவள் கையில் மைக் கொடுத்திருந்தார்கள். வாழ்நாளில் அவள் இரண்டையும் தொட்டதில்லை. மைக்கைப் பார்த்தால் இரண்டு தெரு தள்ளிப் போகிறவள்.

பேனர்களுக்கு நடுவில் திரிதெந்தும் செயலாளரும், யார் பக்கம் நிழல் அதிகம் விழுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இருவரும் மாலையை நீட்டினார்கள்.

"அண்ணே, நீங்களே சொல்லிடுங்க. அக்கா எங்க ஆளா, இல்லையா?"

"சொல்லுப்பா, தெளிவா சொல்லு. சாட்சிக்கு எல்லாரும் இருக்காங்க."

எனக்குக் கோபம் சுலபத்தில் வராது. பல் வேலையில் கோபம் வந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் அடுத்தவர் ஈறு கிழியும். ஆனால் அன்று வந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு பலவிதமாக யோசித்திருக்கிறேன். வீரவசனங்கள்கூடத் தயார் செய்திருக்கிறேன். அன்று செய்தது இவ்வளவுதான்: இரண்டு மாலையையும் வாங்கி, இரண்டு பேர் கழுத்திலும் மாற்றிப் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சந்தில் இறங்கினேன். பின்னால் கைதட்டல் கேட்டது. மாலை கழுத்தில் விழுந்துவிட்டால் கைதட்டுவது பேரவையின் பழக்கம்.

சந்தின் முடிவில் சாமியார் வீட்டுச் சமையலறைக் கதவு. தட்டினேன். பனியனோடு வந்து திறந்தார். அடுப்பில் பால் இருந்தது. எங்களைப் பார்த்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். மூன்று வாரத்தில் முகம் சுருங்கிப் போயிருந்தது. பூசை உடுப்பு இல்லாமல் பார்த்தால், என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவராகத் தெரிந்தார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். பாக்கலாம்னு சொல்லாதீங்க, ஆலோசிக்கலாம்னு சொல்லாதீங்க, ரெண்டு விதமா அணுகலாம்னும் சொல்லாதீங்க. இன்னிக்கு அவளுக்குப் பூசை உண்டா, இல்லையா?"

வாயைத் திறந்தார். வழக்கமான 'பா' உதடுவரை வந்துவிட்டதைப் பார்த்தேன். என் மகளைப் பார்த்தார். திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார்.

"உண்டு," என்றார். "உள்ள வாங்க. செருப்பு கிடக்கட்டும், பரவாயில்ல. இங்கதான் சாப்பாட்டு மேசையில தினமும் வைக்கிறேன். கோவில்லதான வைக்கக்கூடாதுன்னாங்க. நேத்தே உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னு பாத்தேன், யார்கிட்ட சொல்லி அனுப்புறது? எவனைப் பாத்தாலும் ஏதோ ஒரு கட்சி."

மேசையில் வெள்ளைத் துணி ஏற்கெனவே விரித்திருந்தது. ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை அவசரமாக எடுத்து ஜன்னலில் வைத்தார். மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். என் மகள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். சத்தமில்லாமல், அவள் அம்மா மாதிரியே.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. ஆனால் மூன்று வாரமாக எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எந்தப் பக்கம் பாத்து வைப்பீங்க சாமி?"

சாமியார் அறையை ஒருமுறை பார்த்தார்.

"ஃப்ரிட்ஜ் பக்கம்," என்றார். "அங்கதாங்க நிக்க இடமிருக்கு."